ஐந்து வருடம் அடக்கமாகாத ராஜா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. வலி குறைந்துவிட்டது என்று பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், காலையில் கொண்டுபோய் விடுவதும் மத்தியானம் கூட்டிவருவதும் என் பொறுப்பு. குளிர் இன்னும் பழகவில்லை.

நீ கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய். போப்பின் வாசலில் பனியில் வெறுங்காலோடு மூன்று நாள் நின்ற ஜெர்மன் ராஜா, அவன் தோற்றவனா ஜெயித்தவனா என்று. கல்லூரியில் அதை அரைப் பக்கத்தில் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோனோம். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் போன சனிக்கிழமை மகளும் மருமகனும் என்னை ஷ்பையருக்குக் கூட்டிப் போனார்கள், அங்கே பார்த்ததற்கு அப்புறம் நான் எழுத நினைத்த பதில் மாறிவிட்டது.

ஷ்பையர் ரைன் நதிக்கரையில் இருக்கிற சின்ன ஊர். பேராலயம் மட்டும் 134 மீட்டர் நீளம். 1030 வாக்கில் இரண்டாம் கொன்ராட் தொடங்கியது. நீ கேட்ட அந்த ராஜா, நான்காம் ஹென்றி, கொன்ராடின் பேரன். தாத்தா கட்டிய கோயிலில் பெரும்பகுதியை 1080களில் இடித்து, மரக்கூரைக்குப் பதிலாகக் கல் வளைவுக் கூரை போட்டு உயர்த்திக் கட்டியவன் அவன்தான். கீழே நிலவறைக்கு இறங்கினால் குட்டையான பருத்த தூண்கள், சிவப்புக் கல்லும் மஞ்சள் கல்லும் மாறி மாறி அடுக்கிய வளைவுகள். அதற்குப் பக்கத்தில் கல்லறை அறை. தாத்தா, அப்பா, ஹென்றி, அவன் மகன் ஐந்தாம் ஹென்றி என்று நாலு தலைமுறையும் அங்கேதான் இருக்கிறது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அப்புறம் மேலே வந்தபோது, கோயிலின் வடக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல இருக்கிற சின்ன ஜெப அறையை மருமகன் காட்டினார். அஃப்ரா சேப்பல் என்று பெயர். ஹென்றி செத்தபின் ஐந்து வருடம் அவன் சவப்பெட்டி இங்கேதான் கிடந்தது, கோயிலுக்குள் விடவில்லை என்றார். அப்போது அது இன்னும் அர்ச்சிக்கப்படாத கட்டடம். தானே கட்டிய கோயிலின் சுவருக்கு வெளியே, அப்பாவும் தாத்தாவும் கிடக்கிற இடத்திலிருந்து சில அடி தூரத்தில், ஐந்து வருடம். எனக்கு மனசு என்னவோ செய்துவிட்டது.

வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு மோதிரத்தையும் ஒரு கோலையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதிதாக ஓர் ஆயர் பதவியேற்கும்போது அவர் கையில் மோதிரத்தையும் கோலையும் யார் கொடுப்பது என்பதுதான் சண்டை. இதற்கா ஐம்பது வருடம் ரத்தம் சிந்தினார்கள் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அன்றைய ஜெர்மனியில் ஆயர் என்றால் பூசை வைக்கிறவர் மட்டும் இல்லை, நிலம், சுங்கம், சந்தை, நாணயச்சாலை எல்லாம் அவர் கையில் இருந்தது. ஒரு பிரபுவுக்கு நிலம் கொடுத்தால் அவன் செத்ததும் மகன் வந்து உட்கார்ந்துகொள்வான், ராஜாவுக்குத் திரும்பி வராது. ஆயருக்கு வாரிசு கிடையாது, அவர் செத்ததும் ராஜா தனக்கு வேண்டியவரை வைக்கலாம். 981-இல் இரண்டாம் ஓட்டோ இத்தாலிக்கு வரவழைத்த கவசக் குதிரைவீரர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆயர்களும் மடாதிபதிகளும் அனுப்ப வேண்டியவர்கள். ஆயர்களை நியமிக்கிற உரிமை போனால் ராஜாவுக்குப் படையே இல்லை. போப் தரப்பிலும் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பதவியை விலைக்கு விற்கிற கூத்து எங்கும் நடந்துகொண்டிருந்தபோது, ஆன்மாக்களை மேய்க்கிறவரை அரண்மனை நியமிப்பதா என்று ஒரு துறவி கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தத் துறவிதான் ஹில்டெபிராண்ட், 1073-இல் ஏழாம் கிரகோரி என்ற பெயரில் போப் ஆனவர். பேரரசர்களைப் பதவி நீக்கும் அதிகாரம் போப்புக்கு உண்டு என்று 1075-இல் எழுத்தில் வைத்தவர். ஹென்றியின் அப்பா மூன்றாம் ஹென்றி என்ன செய்தார் தெரியுமா, 1046-இல் ரோமில் ஒருவருக்கு மூன்று பேர் போப் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்று பேரையும் ஒதுக்கிவிட்டு ஒரு ஜெர்மன் ஆயரைப் போப் ஆக்கி, அவர் கையாலேயே அந்தக் கிறிஸ்துமஸில் பேரரசர் முடியும் சூட்டிக்கொண்டார். மகனுக்கு ஆறு வயது நிறைவதற்குள் செத்துப்போனார். அப்பா அப்படி இருந்ததால் தானும் அப்படித்தான் என்று மகன் நினைத்ததில் என்ன ஆச்சரியம்.

அந்தப் பையனின் சிறுவயதைக் கொஞ்சம் கேள். 1062, அவனுக்குப் பதினொரு வயது, கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் அம்மாவோடு இருக்கிறான். கொலோன் பேராயர் அன்னோ வந்து, அழகான படகு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், வந்து பார் என்று கூப்பிடுகிறார். பையன் ஏறியதும் துடுப்புக்காரர்கள் படகைத் தள்ளிவிட்டார்கள். கொலை செய்யத்தான் கொண்டுபோகிறார்கள் என்று பயந்து அவன் ரைன் நதியில் குதித்துவிட்டான், ஒரு பிரபு பின்னாலேயே குதித்து இழுத்து ஏற்றினார். ராஜாவைக் கையில் வைத்திருப்பவன்தான் நாட்டை ஆள்கிறவன், அதற்காக ஒரு பேராயரே செய்த கடத்தல். பெரியவனாகி ஆயர்களோடும் பிரபுக்களோடும் அவன் ஏன் அவ்வளவு முரடாக நடந்துகொண்டான் என்று எழுதுகிறவர்கள் அந்தப் படகை மறந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

சரி, நீ கேட்ட அந்தப் பனி வாசல், கனோசா. மிலான் பேராயர் பதவிக்கு ஹென்றி தன் ஆளை வைக்க, கிரகோரி கடுமையாக எழுத, 1076 ஜனவரி 24 அன்று வோர்ம்ஸ் நகரில் ஹென்றி தன் ஆயர்களைக் கூட்டிப் போப்பையே பதவி விலகச் சொன்னான். “இப்போது போப் அல்ல, போலித் துறவி ஹில்டெபிராண்டுக்கு” என்று ஆரம்பிக்கிறது அந்தக் கடிதம், இறங்கு இறங்கு என்று முடிகிறது. அடுத்த மாதமே கிரகோரி அவனைச் சபையிலிருந்து நீக்கி, அவனுக்குச் செய்த சத்தியம் யாரையும் கட்டாது என்று அறிவித்தார். விஷயமே அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. எல்லாரையும் கட்டி வைத்திருந்தது சத்தியம் ஒன்றுதான். அது அவிழ்ந்ததும் வோர்ம்ஸில் கையெழுத்துப் போட்ட ஆயர்களே ஒவ்வொருவராக நழுவினார்கள். அக்டோபரில் பிரபுக்கள் கூடி, ஒரு வருடத்துக்குள் சபைநீக்கம் விலகாவிட்டால் நீ ராஜா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிப்ரவரியில் ஔக்ஸ்பர்க்கில் போப்பே வந்து தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு.

ஹென்றி காத்திருக்கவில்லை. ஷ்பையரிலிருந்துதான் புறப்பட்டான், இந்தக் கோயில் இருக்கிற ஊரிலிருந்து. மனைவி பெர்தா, மூன்று வயதுகூட நிறையாத மகன் கொன்ராட், கொஞ்சம் ஆட்கள். தென் ஜெர்மன் பிரபுக்கள் மலைக் கணவாய்களை அடைத்துவிட்டதால் பர்கண்டி வழியாகச் சுற்றிப் போய், ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையின் மோன் செனி கணவாய் ஏறினார்கள். ரைன் நதியே மாதக்கணக்கில் உறைந்து கிடந்த குளிர்காலம் அது. இறங்கும்போது ராணியையும் பெண்களையும் மாட்டுத்தோலில் உட்கார்த்தி இழுத்துக்கொண்டு இறங்கினார்கள் என்று அந்தக் காலத்துத் துறவி லாம்பெர்ட் எழுதியிருக்கிறார். ஹென்றிக்கு ஆகாதவர் அவர், ஆனாலும் இந்த இடத்தை அவர் எழுதியதைப் படிக்கும்போது கை சில்லிடுகிறது.

கிரகோரி வழியில் அப்பெனைன் மலையில் மட்டில்டா சீமாட்டியின் கனோசாக் கோட்டையில் இருந்தார். 1077 ஜனவரி 25 முதல் மூன்று நாள். நமக்கு இருக்கிற மிக முக்கியமான சாட்சி போப்பே ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதிய கடிதம். அரச அடையாளங்களைக் களைந்து, வெறுங்காலோடு, கம்பளி உடுத்தி, மூன்று நாள் வாசலில் நின்று அழுது கெஞ்சினான் என்கிறார். கூட இருந்தவர்களே, இது அப்போஸ்தலரின் கண்டிப்பு இல்லை, கொடுங்கோலனின் குரூரம் என்று தன்னிடம் சொன்னார்கள் என்பதையும் அவரே எழுதுகிறார். எனக்கு கிரகோரியின் மேல் மரியாதை வந்தது இந்த ஒரு வரியால். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. மட்டில்டாவும், ஹென்றிக்கு ஞானத்தகப்பனான குளுனி மடாதிபதி ஹ்யூகோவும் பரிந்து பேச, 28 அன்று கதவு திறந்தது. அழுது வந்த ஒருவனுக்கு மன்னிப்பு இல்லை என்று ஒரு குருவானவரால் சொல்ல முடியாது. அது ஹென்றிக்கும் நன்றாகத் தெரியும்.

அதனால் அன்றைக்கு ஜெயித்தது ஹென்றிதான் என்றுதான் உனக்கு முதலில் எழுத நினைத்தேன். ஔக்ஸ்பர்க் தீர்ப்பு நின்றுபோனது. பிரபுக்கள் மார்ச்சில் ருடோல்ஃபைப் போட்டி ராஜாவாக்கினாலும், 1080-இல் போரில் வலது கை துண்டாகி அவன் செத்தான், ஹென்றிக்குச் சத்தியம் செய்த அதே கை என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது, உலர்ந்த அந்தக் கையை மெர்சபர்க் பேராலயத்தில் இன்றும் வைத்திருக்கிறார்களாம். இரண்டாம் முறை சபைநீக்கம் செய்தபோது முதல்முறை மாதிரி நாடு கலையவில்லை. 1084-இல் ஹென்றி ரோமைப் பிடித்து, தான் வைத்த போப்பின் கையால் பேரரசர் முடி சூடினான். கிரகோரியை மீட்கத் தென் இத்தாலியிலிருந்து வந்த நார்மன்கள் ரோமையே சூறையாடினார்கள், நகரத்தார் கோபத்துக்குப் பயந்து அவர்களோடு போன கிரகோரி அடுத்த வருடம் சலேர்னோவில் செத்தார். நீதியை நேசித்தேன், அநீதியை வெறுத்தேன், அதனால் நாடுகடந்து சாகிறேன் என்பது அவர் கடைசி வார்த்தை என்கிறார்கள்.

ஆனால் அந்தச் சேப்பலைப் பார்த்ததற்குப் பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. கனோசா வாசலில் நின்றபோதே, ராஜாவுக்கு மேல் ஒரு நீதிபதி உண்டு என்று அவன் ஒத்துக்கொண்டுவிட்டான். 1046-இல் அப்பா மூன்று போப்புகளை ஒதுக்கியதற்கும் இதற்கும் நடுவில் முப்பத்தொரு வருடம்தான். அந்த ஒப்புதலை எடுத்து அவன் மேலேயே பிரயோகித்தது போப் இல்லை, பெற்ற பிள்ளை. மூத்தவன் கொன்ராட் 1093-இல் எதிர்த்தான், இளையவன் ஐந்தாம் ஹென்றி 1104 கடைசியில். சபைநீக்கம் ஆன அப்பாவுக்குச் செய்த சத்தியம் செல்லாது என்பதுதான் அவன் சொன்ன காரணம். அடுத்த வருடம் டிசம்பரில் கோப்ளென்ஸில் அப்பாவின் காலில் விழுந்து அழுது சமாதானம் பேசி, பத்திரமாக மைன்ஸுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, வழியில் பொக்கெல்ஹைம் கோட்டைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினான். கிறிஸ்துமஸ் நாட்களில் குளிக்கவும் விடாமல், சவரம் செய்யவும் விடாமல், பூசையும் இல்லாமல் வைத்திருந்தார்கள் என்று கிழவன் பின்னால் கடிதத்தில் எழுதினான். சிறுவயதில் படகு, கடைசியில் கோட்டை. வருடக் கடைசி நாளில் இங்கெல்ஹைமில் முடியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

தப்பித்து லியேஜ் நகரத்துக்குப் போய், 1106 ஆகஸ்ட் 7 அன்று செத்தான். மோதிரத்தையும் வாளையும் மகனுக்கு அனுப்பி, ஷ்பையரில் முன்னோர் பக்கத்தில் என்னை வை என்று கேட்டிருந்தான். லியேஜ் ஆயர் கோயிலுக்குள் அடக்கம் செய்தார், சபைநீக்கம் ஆனவன் என்று தோண்டி எடுக்க வைத்தார்கள். ஜனங்களோ பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு, விளைச்சல் நன்றாக இருக்கும் என்று விதை நெல் வைக்கிற மாதிரி விதைத் தானியத்தை அதன்மேல் வைத்து எடுத்துப் போனார்களாம். ஷ்பையருக்குக் கொண்டுவந்த பிறகும் இங்குள்ள ஆயர் பேராலயத்தில் வைக்க ஒப்பவில்லை. அப்புறம்தான் அந்த அஃப்ரா சேப்பல்.

மகன் என்ன ஆனான் என்று கேட்பாய். போப் கட்சி என்று சொல்லி அப்பாவைக் கவிழ்த்தவன், முடி கிடைத்ததும் அதே மோதிரத்துக்கும் கோலுக்கும் அப்பாவைவிட மூர்க்கமாகச் சண்டை போட்டான். 1111 பிப்ரவரியில் ரோமில் இரண்டாம் பாஸ்கல் போப்பையே பிடித்து இரண்டு மாதம் காவலில் வைத்து, வேண்டியதை எழுதி வாங்கினான். அப்பாவை அடக்கம் செய்ய அனுமதியும் அந்தப் பயணத்தில் கிடைத்ததுதான். 1122-இல் வோர்ம்ஸில் ஒருவழியாக உடன்படிக்கை ஆனது: மோதிரமும் கோலும் திருச்சபைக்கு, நிலத்துக்கு அடையாளமான செங்கோல் ராஜாவுக்கு. இதை முதலிலேயே யோசித்திருக்கலாமே என்று எனக்கு வயிறு எரிகிறது, ஆனால் அத்தனை பேர் செத்த பிறகுதான் அது இரண்டாகப் பிரிக்கக்கூடிய விஷயம் என்றே அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

1111 ஆகஸ்ட் 7, சரியாக ஐந்தாம் நினைவுநாளில், பெட்டியை உள்ளே கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் ஐந்தாம் ஹென்றி ஷ்பையர் நகரத்தாருக்குச் சாவு வரியிலிருந்து, அதாவது செத்தவர் சொத்தில் பிரபு எடுத்துக்கொள்ளும் பங்கிலிருந்து, விடுதலை கொடுத்து, அதைக் கோயில் வாசலுக்கு மேலே பொன் எழுத்தில் பொறிக்கச் செய்தான். பதிலுக்கு அவன் கேட்டது, வருடா வருடம் அப்பாவின் நினைவுநாளில் நகரத்தார் கையில் மெழுகுவர்த்தியோடு வர வேண்டும், வீட்டுக்கு ஒரு ரொட்டி ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். குற்ற உணர்ச்சியா, அரசியலா, நான் இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். அந்த வாசல் இப்போது இல்லை, இருப்பது 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது.

1900-இல் கல்லறைகளைத் திறந்தபோது ஹென்றியோடு வைத்த செப்புத் தகட்டு மகுடமும் நீலக்கல் மோதிரமும் கிடைத்தன, பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அன்றைக்கு நேரமாகிவிட்டது, பேத்தியும் தூங்கிவிட்டாள், அதனால் போக முடியவில்லை. அடுத்த மாதம் நான் மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நிலவறையின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். கால் முழுக்கச் சரியானதும் நீயும் ஒரு முறை வா, படி இறங்குவது கொஞ்சம்தான், கைப்பிடித்து நான் கூட்டிப்போகிறேன். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் பழைய அறைத் தோழன்