மகனே, கையெழுத்துப் போடுவதற்கு முன்

மெய்ஞ்ஞானபுரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் “சரி அம்மா, சரி அம்மா” என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இங்கே நல்ல மழை. அத்தை மகளுக்கு ஆலயத்தில் மூன்றாம் கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எழுத இன்னும் எவ்வளவோ உண்டு, ஆனால் மனம் எதிலும் நிற்கவில்லை.

வீட்டுப் பத்திர நகலும் வில்லங்கச் சான்றிதழும் அனுப்பச் சொன்னாயாம். எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. நீ விவரம் தெரிந்தவன். முதல் சம்பளத்தில் கர்த்தருக்குரிய பத்தில் ஒரு பங்கை, தசமபாகத்தை எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தொட்ட பிள்ளை. அதை நான் சொல்லாத வீடு இந்தத் தெருவில் இல்லை. ஆனால் எதையும் மறைக்காமல் சொல்கிறவன், இரண்டு வாரமாகப் பேத்தியிடம் போனைக் கொடுத்துவிட்டு நழுவுகிறாயே, அது ஏன்?

யாருக்காவது ஜாமீன் போடுவதாக இருந்தால் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். நம் சபையில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணனிடம் கேட்டேன். பெயருக்குப் போடும் கையெழுத்து என்று ஒன்று கிடையாதாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு வாருங்கள் என்று வங்கியைத் திருப்பி அனுப்ப முடியாது. உன் கடன் விவரமெல்லாம் காட்டும் சிபில் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறிவிடும். நாளைக்கு நீ வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால் அதுதான் முதலில் நிற்கும்.

சட்டம் கிடக்கட்டும். தாத்தா போட்ட ஜாமீனில் நம் பனைவிளை நிலம் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த நோட்டீஸ் வந்த மத்தியானம் உனக்குத் தெரியாது. ஆச்சி முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தபால்காரரிடம் கைநாட்டு வைத்தார்கள். புதிதாக வந்த மருமகள் நான். வாசித்துச் சொன்னேன். “கடன் வாங்கினது அவுக இல்லையே தாயி” என்று மட்டும் சொன்னார்கள். மறுபடியும் மறுபடியும் அதையேதான். தாத்தா யாருக்காகக் கையெழுத்துப் போட்டாரோ அவர் மோசக்காரர் அல்ல. நல்ல மனிதர். கருப்பட்டி வியாபாரத்தில் நொடித்துப்போனார், அவ்வளவுதான். நல்லவருக்கும் தொழில் நொடிக்கும், மகனே.

இவ்வளவு எழுதிவிட்டு மறைப்பானேன். உன் சிநேகிதன், அந்தத் திருப்பூர்த் தம்பிக்காகத்தான் கேட்கிறாய் என்று நினைக்கிறேன். டெங்கு வந்து நீ கிடந்தபோது, நாங்கள் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் உன் பக்கத்திலேயே இருந்தவன். அவனை என் ஜெபத்தில் ஒரு நாளும் விட்டதில்லை. அவனுக்கு உதவாதே என்று எந்த வாயால் சொல்வேன்?

“பவுல் அடிமையான ஒநேசிமுவுக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு, என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்று எழுதவில்லையா அம்மா” என்று நீ கேட்பாய். எழுதினார். அடுத்த வரியிலேயே, நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்றும் எழுதினார். செலுத்தப்போவது தான்தான் என்று தெரிந்து எழுதினார். ஆதியாகமத்தையும் பார். யாக்கோபிடம் அவருடைய கடைசி மகன் பென்யமீனை எகிப்துக்கு அனுப்பக் கேட்டபோது, திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும் என்றான் மூத்த மகன் ரூபன். யாக்கோபு சம்மதிக்கவில்லை. பிற்பாடு இன்னொரு மகன் யூதா வந்து, அவனுக்காக நான் உத்தரவாதம் என்றான். அனுப்பினார். எகிப்தில் பென்யமீனுக்குப் பதிலாக அடிமையாயிருக்கிறேன் என்று முன்னே வந்து நின்றதும் அதே யூதாதான். தன்னைக் கொடுத்தான், பிள்ளைகளைக் கொடுக்கவில்லை. நீ வைக்கப்போகும் கையெழுத்தில் என் பேத்தியின் படிப்பு இருக்கிறது. மருமகளின் பெயரும் அதில் இல்லாமல் இல்லை. அவளிடம் சொன்னாயா? சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் குரல் அப்படி இருந்திருக்காது.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னார். நம் ஆலயத்தையே பாரேன். மிஷனெரி ஜான் தாமஸ் ஐயர் காலத்தில், 1847இல் பிரதிஷ்டை நடந்தது. ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்கும் 192 அடிக் கோபுரம் அதற்குப் பல வருடம் கழித்துத்தான் எழும்பியது. அதுவரை கோபுரம் இல்லாத ஆலயத்தில்தான் ஆராதித்தார்கள். ஜெபித்துவிட்டுப் போட்ட கையெழுத்து என்பதற்காகத் தவணை குறையாது. ஜெபம் பண்ணு, கணக்கும் பார். கணக்குப் பார்ப்பதை விசுவாசக் குறைவு என்று நினைக்காதே.

அதனால் இப்படிச் செய். இன்று ராத்திரி மருமகளோடு உட்கார். அந்தத் தம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டமுடியாமல் போனால், மாதம் எவ்வளவு, எத்தனை வருடம், எதை விற்பது என்று மூன்றையும் ஒரு தாளில் எழுது. எழுதிய பிறகும் இரண்டு பேருக்கும் மனம் ஒப்பினால் எங்களுக்குச் சொல். பத்திர நகலை அப்பா அனுப்புவார், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒப்பவில்லையென்றால், ஜாமீன் முடியாது என்று அவனிடம் நேரில் போய்ச் சொல். போனில் சொல்லாதே. போகும்போது வெறுங்கையோடு போகாதே. திரும்பி வராது என்று நினைத்து உன்னால் கொடுக்க முடிந்ததைக் கொடு. என் அஞ்சலகச் சேமிப்பில் ஐம்பதாயிரம் இருக்கிறது, அதையும் சேர்த்துக் கொடு. அது கடனில்லை, நம் வீட்டிலிருந்து அவனுக்கு.

ஜெபத்துடன்,
அம்மா