சுற்றுலாவுக்குச் சட்டம் வகுத்த சட்டத்தரணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைச் சுற்றுலாத்துறையின் மீட்சி பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 2018-இல் 23 இலட்சத்தைத் தாண்டியிருந்த வெளிநாட்டுப் பயணிகளின் வருகை 2021-இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே விழுந்ததையும், 2024-இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்ததையும் கட்டுரையாளர் நன்றாக விளக்கியிருந்தார். எனினும் இத்துறை இந்நாட்டில் எவ்வாறு கட்டியெழுப்பப்பட்டது என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார். கிழக்குக் கரையோரத்தில் வாழும் எங்களுக்கு அந்த வரலாறு முக்கியமானது என்பதால் இதை எழுதுகிறேன்.

1937-இலேயே இங்கு அரசாங்கச் சுற்றுலாப் பணியகம் ஒன்று இருந்தது. உலகப் போர் வந்ததும் மூடப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்தப் பணியகத்துக்குப் போதிய அதிகாரமோ பணமோ இருக்கவில்லை. 1965-இல் டட்லி சேனநாயக்க அமைத்த அரசாங்கத்தில் இராஜாங்க அமைச்சரான ஜே. ஆர். ஜயவர்தனவின் கைக்கு இத்துறை வந்த பிறகே நிலைமை மாறியது. அவர் உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மகன். 1932-இல் நியாயவாதியாகிச் சில ஆண்டுகளில் நீதிமன்றத்தை விட்டு அரசியலுக்கு வந்தவர். சுதந்திர இலங்கையின் முதல் நிதியமைச்சர். தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் நம்பியிருந்த நாடு அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த அந்நாளில், விளம்பரத்துக்கு முன்பே சட்டம் வேண்டும் என்ற வகையில் அவர் செயற்பட்டார்.

1966-இல் இலங்கை உல்லாசப் பிரயாண சபைச் சட்டமும் ஹோட்டல் கூட்டுத்தாபனச் சட்டமும், 1968-இல் உல்லாசப் பிரயாண அபிவிருத்திச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறின. அமைச்சர் மாறினால் கலைந்துபோகும் ஓர் அலுவலகத்துக்குப் பதிலாக, சட்டத்தினால் பிறந்த ஒரு சபை கிடைத்தது. விடுதிகளைப் பதிவு செய்வது, தரம் பிரிப்பது, தேசிய விடுமுறைத் தலங்களை அமைப்பது ஆகியவற்றுக்கெல்லாம் விதிகள் வந்தன. 1967-இலிருந்து பத்தாண்டுகளுக்கு வகுக்கப்பட்ட பெருந்திட்டம் கொழும்பு, தென்மேற்குக் கரையோரம், கிழக்குக் கரையோரம், மலையகம், புராதன நகரங்கள் என நாட்டை ஐந்து வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை அன்றே அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை எங்கள் பிரதேசத்து இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

தென்மேற்குக் கரையோரத்திலுள்ள பென்தோட்டைக்குப் போனால் அந்தச் சட்டங்களின் பலனை இன்றும் கண்ணால் காணலாம். ஆறு கடலில் கலக்கும் அந்த இடத்தில் விடுதிகள் மட்டும் எழவில்லை. புகையிரத நிலையமும் கடைத்தொகுதியும் சேர்த்தே திட்டமிடப்பட்டன. அங்கே பென்தோட்டை பீச் ஹோட்டலை வடிவமைத்த ஜெப்ரி பாவாவும் இங்கிலாந்தில் சட்டம் படித்துப் பரிஸ்டரானவரே. பின்னர்தான் கட்டடக்கலைக்கு வந்தார். அதன் வரவேற்புக் கூடத்தில் அண்ணாந்து பார்த்தால், கூரை முழுவதும் துணிக்கலைஞர் ஈனா டி சில்வா மெழுகிட்டுச் சாயமேற்றிய பத்திக் துணிகள். உள்ளூர்க் கல்லையும் மரத்தையும் கைவேலையையும் கொண்டே வெளிநாட்டவரை வரவேற்க முடியும் என்பதை அந்தக் கட்டடம் நிரூபித்தது.

1966-இல் இலங்கைக்கு வந்த பயணிகள் 18,969 பேர். 1982-இல் 4,07,230 பேர். இந்தப் பெருமை முழுவதையும் ஜயவர்தன ஒருவருக்கே கொடுப்பது நியாயமாகாது. 1970-இல் ஆட்சி மாறியபின் வந்த அரசாங்கமும் அதே சபையையும் அதே திட்டத்தையும் தொடர்ந்து நடத்தியது. ஐரோப்பாவிலிருந்து வாடகை விமானங்கள் வரத் தொடங்கியதும் பெரிய காரணம். ஆயினும் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தும் ஒரு திட்டம் கைவிடப்படாமல் நின்றதற்கு அது சட்டத்தின் மீது நிறுத்தப்பட்டிருந்ததே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதே மனிதரின் வரலாற்றில் மறு பக்கத்தையும் எழுதாமல் விட்டால் தமிழ் வாசகர்களுக்கு நான் உண்மையாக இருந்தவனாக மாட்டேன். 1978-இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியான பின், 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்ததும், 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலைத் தவிர்த்துச் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்ததும் அவருடைய அரசாங்கமே. 1983 யூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது சட்டம் அவர்களைக் காக்கவில்லை. நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்த பயணிகளின் தொகை 1987-இல் 1,82,620 ஆனது. எங்கள் கிழக்குக் கரையின் பாசிக்குடாவில் எழுபதுகளில் எழுந்த விடுதிகள் உள்நாட்டுப் போரில் அழிந்து, கூரையில்லாத சுவர்களாக நீண்ட காலம் நின்றன. சுற்றுலாவுக்குச் சட்டம் எழுதத் தெரிந்தவர், தம் குடிமக்கள் அனைவருக்கும் சட்டத்தின் காப்பைச் சமமாக வழங்கியிருந்தால், அவர் கட்டிய துறையும் இப்படிச் சிதைந்திருக்காது. அவருடைய திறமையை மதிப்பதால்தான் இந்தத் தவறு எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது.

இன்று 2005-ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அதிகார சபை, மேம்பாட்டுப் பணியகம் எனத் தனித்தனி நிறுவனங்கள் இயங்குகின்றன. போர் முடிந்தபின் பாசிக்குடாவில் புதிய விடுதிகள் வரிசையாக எழுந்துள்ளன. இடுப்பளவு நீரில் வெகு தூரம் நடந்து செல்லக்கூடிய அந்த அமைதியான கடலுக்கு வெளிநாட்டவரும் உள்ளூர்க் குடும்பங்களும் வருகின்றனர். இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் தோணியை எங்கே கரையேற்றலாம், கரைவலை இழுப்பதற்கு எந்தத் துண்டு விடப்பட்டுள்ளது, விடுதிகளுக்கிடையே கடலுக்குச் செல்லும் பொதுப்பாதை எது என்று கேட்டால், மீனவர் ஒருவருக்குத் தெளிவான விடை கிடைப்பதில்லை. இடம்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்த குடும்பங்களின் நிலை இன்னும் கடினமானது. தெரியாத எல்லையைத் தாண்டியதாக ஒருவரைக் குற்றம்சாட்டுவதும், தெரியாத உரிமையை அவர் இழந்துவிட்டதாகச் சொல்வதும் சட்டமாகாது.

ஆகவே கிழக்கில் சுற்றுலா அபிவிருத்திக்கென ஒதுக்கப்படும் ஒவ்வொரு பகுதியின் வரைபடமும், அதில் பொதுப்பாதைகளும் தோணித்துறைகளும் குறிக்கப்பட்டு, தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகங்களில் எவரும் பார்க்கக்கூடியவாறு வைக்கப்பட வேண்டும். எங்கள் மாவட்டங்களின் சட்டத்தரணிகள் வழக்குக்கு வெளியேயும் இப்பணியில் இறங்கி, மீனவர் சங்கங்களுக்கும் சிறு விடுதி நடத்துவோருக்கும் பதிவு, அனுமதி, காணி ஆகிய விடயங்களில் வழிகாட்ட வேண்டும். அறுகம்குடாவில் இருந்து நிலாவெளி வரை இதற்கான தேவை இருக்கிறது. அந்தந்த ஊரின் விவரங்களைத் திரட்டித் தங்கள் பத்திரிகை ஒரு தொடராக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வாழைச்சேனை.