திசைகாட்டி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கடலாமைக் கட்டுரை, ‘குஞ்சுகளின் தலைக்குள் திசைகாட்டி இருக்கிறது, அதனால் வழி தவறாது’ என்று முடிகிறது. அது பாதிக் கதைதான். திசைகாட்டி சேலத்திலும் வடக்கைத்தான் காட்டும், சென்னையிலும் வடக்கைத்தான் காட்டும். நாம் எந்த ஊரில் நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

இடத்தை அறிய ஆமைக்கு இன்னும் இரண்டு தகவல் கிடைக்கிறது. ஒன்று, பூமியின் காந்தப்புலம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. மற்றொன்று, புலத்தின் வலு. சாய்வை வகுப்பறையிலேயே காட்டலாம். தையல் ஊசியின் நடுவில் நூல் கட்டி, முதலில் சமமாகத் தொங்கவிட வேண்டும். பிறகுதான் காந்தத்தில் உரச வேண்டும். உரசிய பின் சமன் செய்தால் சாய்வு மறைந்துவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான். புலம் சாயாமல் கிடையாகவே இருக்கும் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் சேலத்தில் ஊசி கிட்டத்தட்ட படுத்தே இருக்கும். டெல்லியில் அதன் வடமுனை 40 டிகிரிக்கு மேல் கீழே சாயும்.

இதை ஆமைகள் பயன்படுத்துகின்றன என்பதற்கு அமெரிக்க உயிரியலாளர் கென்னத் லோமனின் குழு 2001-இல் சான்று தந்தது. கடலையே காணாத பெருந்தலை ஆமைக் குஞ்சுகளைக் கம்பிச் சுருள் சூழ்ந்த தொட்டியில் நீந்தவிட்டார்கள். சுருளில் மின்சாரம் செலுத்தி, போர்ச்சுகலை ஒட்டிய கடலின் காந்தப்புலத்தை உண்டாக்கியதும் அவை தெற்கே திரும்பின. அங்கே வடக்கே போகும் நீரோட்டத்தில் சிக்கினால் குளிரில் சாக வேண்டியதுதான். இது பிறவி அறிவு. கற்றுக்கொள்வதும் உண்டு: 2025-இல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த ஆய்வில், இரை கிடைத்த இடத்தின் புலம் வந்ததும் இளம் ஆமைகள் தலையை உயர்த்தி, வாய் திறந்து, துடுப்படித்து ஆடின. ரேடியோ அலையின் வேகத்தில் மாறி மாறி அதிரும் காந்தப்புலம் அவற்றின் திசையறிவைக் குழப்பியது, இடமறிவு கலையவில்லை. ஆக, இரண்டும் தனித்தனிப் புலன்கள் என்றே கொள்ள வேண்டும்.

சேலத்துப் பள்ளிகள் சென்னைக் கடற்கரைக்கு, பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) குஞ்சுகள் கடலில் விடப்படுவதைப் பார்க்க மாணவர்களை அழைத்துச் செல்வதுண்டு. குஞ்சைக் கையால் தண்ணீரில் விடக் கூடாது. சில மீட்டராவது மணலில் தானே நடக்கட்டும். வெளிச்சமான கடல்பக்கம் நோக்கி நடந்து, அலையை எதிர்த்து நீந்தும்போதுதான் காந்தத் திசை அதற்குப் பதிகிறது. டார்ச், செல்போன் வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கமே திரும்பிவிடும். வாளியில் மணிக்கணக்கில் அடைத்து வைத்தால், முதல் நாள் நீச்சலுக்கான மஞ்சள்கருச் சத்து அங்கேயே தீரும்.

நாய், நரிக்குப் பயந்து முட்டைக் குழியைச் சுற்றி இரும்பு வலை போடுவதும் சரியில்லை. கஞ்சமலைக் காந்தக்கல் துண்டைத் திசைகாட்டி அருகே கொண்டுபோனால் ஊசி விலகும். குழியை ஒட்டிய இரும்பும் அப்படியே புலத்தைத் திருப்பும்; பொரிய 45 முதல் 60 நாள் ஆகும் முட்டை, அத்தனை நாளும் அந்தத் திரிந்த புலத்திலேயே கிடக்கும். மூங்கில் தட்டியும் நைலான் வலையும் போதும்.

– இயற்பியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி, சேலம்