மூன்று வெள்ளிகளும் ஒரு பால்பல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் சொத்தைப் பல்லை அடைப்பது பற்றிச் சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பல்லுக்கு வெள்ளி வேண்டாம், அதில் பாதரசம் இருக்கிறது, பல் நிறத்தில் வைக்கும் வெள்ளையே போதும் என்ற பொருளில் அதில் வந்த ஒரு வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஏனென்றால், மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பல் மருத்துவரிடம் நானே இதைச் சொன்னேன். கடைசியில் என் மகளுக்கு ஒரு பல் போனது.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. கீழ் வரிசையில், இடப் பக்கம், இரண்டு பால் கடைவாய்ப் பற்களில் முன்னால் இருப்பது. இரண்டு பற்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சொத்தை. வாயைத் திறந்து பார்த்தால் லேசான சாம்பல் நிழல் மட்டும்தான் தெரியும். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று தெரிந்தது. பால்பல்லின் எனாமல் என்கிற கடினமான மேலுறை நிரந்தரப் பல்லில் உள்ளதைவிட மெல்லியது. நரம்பு இருக்கும் உள்ளறையோ பல்லின் அளவுக்குப் பெரியது, மேற்பரப்புக்கு வெகு அருகில் இருக்கிறது. அதனால் சொத்தை நரம்பைத் தொட அதிக நாள் பிடிக்காது. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது.

"கேப் போட்டா நல்லது, வெள்ளில வரும்" என்றார் மருத்துவர். கேப் என்பது பல்லை முழுதாக மூடும் உறை. அவ்வளவுதான் சொன்னார். நான் உடனே மறுத்துவிட்டேன். சிரித்தால் தெரியுமே என்பது ஒரு காரணம், பாதரசம் இன்னொன்று. "வெள்ளைலயே அடைச்சிடுங்க டாக்டர்" என்றேன். சரி என்றார். ஏன் கேப் என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த இருபது நிமிடம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காம்போசிட் என்கிற வெள்ளைப் பொருள் பல்லில் நிற்பது ஒட்டுப் பசையின் பலத்தில்தான். அமிலக் களிம்பு தடவிப் பல்லின் பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். அப்புறம் கழுவி, உலர்த்தி, பசை தடவி, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்கு வைத்து நீல ஒளி காட்ட வேண்டும். மறுபடி ஓர் அடுக்கு, மறுபடி ஒளி. இடையில் எச்சில் பட்டால் ஒட்டு பலவீனமாகிவிடும். அதற்காகத்தான் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள். என் மகள் அதை மாட்டவே விடவில்லை. பஞ்சுருளை வைத்தார்கள், நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தாள். அழுகையில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. மருத்துவர் பொறுமையானவர்தான், ஆனால் கடைசியில் அவசர அவசரமாக முடித்தார். வெளியே வந்ததும் "பூச்சி போயிடுச்சாம்மா?" என்று கேட்டாள். கண்ணாடியில் பார்த்தால் அடைத்ததே தெரியாத அளவுக்கு அழகாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாவது மாதத்தில் அடைப்பின் ஓரம் பெயர்ந்திருக்கிறது. அவள் சொல்லவில்லை. வலப் பக்கமாகவே மெல்ல ஆரம்பித்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. ஈறில் பரு போல ஒரு கொப்புளம் வந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு நாளில் கன்னம் வீங்கி, இரவெல்லாம் தூங்காமல் என் மடியிலேயே கிடந்தாள். சீழ் வேரைத் தாண்டிப் போய்விட்டது, காப்பாற்ற முடியாது என்று சொல்லிப் பல்லை எடுத்தார்கள். அந்த இடத்தைப் பக்கத்துப் பல் நகர்ந்து அடைத்துவிடாமல் இருக்க, பின் பல்லில் ஒரு பட்டையும் அதிலிருந்து நீளும் கம்பி வளையமும் மாட்டியிருக்கிறார்கள். இப்போது அவளுக்கு எட்டு வயது. கீழிருந்து நிரந்தரப் பல் வரும்வரை அந்த வளையம் இருக்க வேண்டும். வெள்ளியாகத் தெரியக்கூடாது என்று நான் நினைத்த அதே வாயில், இப்போது தினமும் பார்க்கிறேன்.

"விழப்போற பல்தானே" என்று சொல்லாதவர்கள் யாரும் இல்லை. முன்பற்களைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி, ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்துவிடும். பால் கடைவாய்ப் பற்கள் அப்படியல்ல. முன்னது ஒன்பது முதல் பதினொரு வயதுவரை, பின்னது பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. நான்கு வயதுக் குழந்தைக்குப் போடும் அடைப்பு ஆறேழு ஆண்டு தாங்கியாக வேண்டும். இந்தக் கணக்கை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நிறத்தைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டேன்.

இனி, அந்த வெள்ளி. நாம் பேச்சில் வெள்ளி என்று சொல்வது ஒன்றல்ல, மூன்று. உங்கள் கட்டுரை மூன்றையும் ஒரே பெயரில் போட்டுவிட்டது.

முதலாவது அமால்கம், குழியை அடைக்கும் உலோகக் கலவை. எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பாதரசம் பற்றிய பயம் இதற்கு மட்டும்தான் பொருந்தும். குழந்தைகளுக்கு இதைத் தவிர்க்கச் சொல்வதும் உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையிலிருந்து பால்பற்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மிக அவசியமான நிலை தவிர இதைத் தடுத்துவிட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல், குறிப்பாக ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கூடியவரை வேண்டாம் என்றது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளும் 2022-இல் இதே வழியில் முடிவெடுத்தன. அதற்காக ஏற்கெனவே குழந்தையின் வாயில் அமால்கம் இருந்தால் பதறிப்போய்ப் பிடுங்கச் சொல்ல வேண்டாம். அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் தலா 500-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான இரண்டு ஆய்வுகளிலும், அமால்கம் வைத்த குழந்தைகளுக்கு அறிவுத்திறனில் எந்தக் குறையும் தெரியவில்லை. கெட்டுப்போகாத அடைப்பைக் குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும்.

இரண்டாவது, என் மகளுக்கு நான் மறுத்த கேப். அது வெள்ளியே இல்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு, குரோமியம், நிக்கல். பாதரசம் ஒரு துளிகூடக் கிடையாது. குழந்தைகளின் பற்களுக்கு 1950 முதலே பயன்பாட்டில் இருக்கிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ள குழந்தையாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது ஒரு திரவ மருந்து, சில்வர் டைஅமைன் ஃப்ளோரைடு. இதில் உண்மையிலேயே வெள்ளி இருக்கிறது. குடையாமல், ஊசி போடாமல், சொத்தையின் மேல் தொட்டு வைப்பார்கள். சொத்தை மேலும் பரவாமல் பெரும்பாலும் நின்றுவிடும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். இடையிடையே மறுபடி தடவ வேண்டும். நாற்காலியில் உட்காரவே முடியாத இரண்டு வயதுக் குழந்தைக்கு இது பெரிய ஆறுதல், மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட இடம் கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. பல்லில் கறுப்பு தெரியுமே என்று பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் கறுப்பாகும் என்பதை முன்பே சொல்லாமல் தடவுவது தவறு, அதையும் எழுத வேண்டும்.

மகனுக்கு நான்கரை வயதில் சொத்தை வந்தபோது வேறொரு மருத்துவரிடம் போனோம். இந்தத் தடவை நான் கேள்விகளோடு போனேன். இந்தப் பல் எத்தனை வயதுவரை இருக்க வேண்டும்? சொத்தை ஒரு பக்கத்தில் மட்டுமா, பல்லிடுக்கையும் பிடித்திருக்கிறதா? நரம்புக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? ஈரம் படாமல் இவனை எவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியும் என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். மெல்லும் பரப்பில் மட்டும் சின்னக் குழி, குழந்தையும் ஒத்துழைக்கும் என்றால் காம்போசிட் நல்ல தேர்வு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. முன்பல்லுக்கும் அப்படித்தான். கிளாஸ் அயனோமர் என்கிற சிமென்ட் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், பல்லோடு தானாகவே ஒட்டும், ஃப்ளோரைடையும் மெல்ல மெல்ல விடும். ஆனால் தேய்ந்துபோகும், பல்லிடுக்கில் வைத்தால் உடையும் வாய்ப்பு அதிகம். இன்னும் ஓராண்டில் விழப்போகிற பல்லுக்கோ, குழந்தை பெரிதாகும்வரை சமாளிக்கவோ அது போதும். பிசின் கலந்த வகை இன்னும் சற்று உறுதியானது. இரண்டு பக்கம் அரித்த கடைவாய்ப் பல், அதுவும் நான்கு வயதில் என்றால், அவர் முதலில் சொன்னது ஸ்டீல் கேப். தன் வீட்டுக் குழந்தை என்றாலும் அதைத்தான் போடுவேன் என்றார்.

அதிலும் குடையாமல் போடும் முறை ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்துவந்தது, அவர் பெயராலேயே ஹால் முறை என்கிறார்கள். சொத்தையைக் குடைந்து எடுப்பதில்லை. மேலே கேப்பைப் போட்டுச் சிமென்டால் மூடிவிட்டால் உள்ளே இருக்கும் கிருமிகளுக்கு உணவு போய்ச் சேராது, சொத்தை நகராமல் நின்றுவிடும். கேட்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அழுக்கை உள்ளே வைத்து மூடுவதா என்று நேராகவே கேட்டேன். அதற்குத்தான் எக்ஸ்ரே என்றார். சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே நல்ல பல் தெளிவாகத் தெரிய வேண்டும். இரவில் தானாக வலிக்கும் பல், சீழ் வைத்த பல், ஆடும் பல் ஆகியவற்றுக்கு இந்த முறை ஆகாது.

பல்லிடுக்கில் இரண்டு சின்ன ரப்பர் வளையங்களை மாட்டி அனுப்பினார். நான்கு நாள் கழித்துப் போனபோது கேப் நுழைய இடம் விட்டிருந்தது. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்த்தார். சரியானதில் சிமென்ட் நிரப்பி, பல்மேல் வைத்து அழுத்தி, ஒரு பஞ்சுருளையைக் கொடுத்து "நல்லா கடிடா கண்ணா" என்றார். மகன் கடித்தான். ஓரத்தில் பிதுங்கி வந்த சிமென்டைத் துடைத்தார்கள். ஊசி இல்லை, குடையும் சத்தம் இல்லை. கேப்பைச் சுற்றி ஈறு வெளுத்துப்போய் இருந்தது, கொஞ்ச நேரத்தில் சரியாயிற்று. பற்கள் சரியாகச் சேராமல் சில நாள் உயரமாகத் தெரியும் என்று முன்பே சொல்லியிருந்தார். அப்படித்தான் இருந்தது, மூன்றாவது வாரம் அவன் அதை மறந்தே போனான்.

இது எல்லாக் குழந்தைக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கும் அன்றே இப்படிச் செய்திருந்தால் பல் தங்கியிருக்கும் என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்க என்னென்ன இருந்தன என்பதே தெரியாமல் தேர்ந்தெடுத்தேன், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

பல் மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். குழந்தையை நாற்காலியில் ஏற்றுவதற்கு முன்னால் எங்களிடம் பத்து நிமிடம் பேசுங்கள். அழும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது "வெள்ளையா, கேப்பா?" என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் யோசிக்க வராது. உங்களிடம் இல்லாத முறை என்றாலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. சென்ற வாரக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அமால்கம் வேறு, ஸ்டீல் கேப் வேறு, கறுக்கும் மருந்து வேறு என்று பிரித்து, மூன்றின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டால் இன்னும் நல்லது. உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மகனுக்கு இப்போது ஆறு வயது. கேப் போட்ட பல்லுக்குப் பின்னால், ஈறைக் கிழித்துக்கொண்டு புதிதாக ஒரு முனை தெரிகிறது. எந்தப் பல்லும் விழாமல் பின்னால் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே நிறைய பேர் நினைத்துவிடுகிறார்கள். அது முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல், வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டியது. முழுதாக வெளியே வந்ததும் அதன் பள்ளங்களில் பாதுகாப்புப் பூச்சு பூசிக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தினமும் இரவு பல் தேய்த்துவிடும்போது டார்ச் அடித்து எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்கிறேன். அக்காவும் வந்து பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் தாய், உங்கள் நெடுநாள் வாசகி