அந்தப் புட்டியைப் பற்றி மகளுக்கு

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆச்சிக்கு மட்டும் சாரல் தொடங்கியதும் மூட்டுவலி கூடியிருக்கிறது. நீ அம்மன் கொடைக்கு வந்திருந்தபோது செங்கோட்டை முகவரிக்கு வரவழைத்த பொட்டலம், நீ எர்ணாகுளம் திரும்பிய பிறகுதான் வந்து சேர்ந்தது. அப்பாவுக்குச் சொல்லியிருந்த முழங்கால் பட்டை என்று நினைத்துப் பிரித்தேன், உள்ளே கேப்ஸ்யூல் புட்டி ஒன்று இருந்தது. போனில் கேட்டதற்கு "அத அப்படியே வைம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதன்பிறகு காலை வணக்கப் படங்கள்தான் வருகின்றன, நீ பேசவில்லை. நான் மறுபடி கேட்டால் நீ மறுபடி வைத்துவிடுவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

புட்டியின் மேல் எழுதியிருப்பதை எல்லாம் படித்துவிட்டேன். பெண்களின் அந்தரங்க நலத்துக்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு கேப்ஸ்யூலில் 2,000 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் என்கிறார்கள், விடாமல் மூன்று மாதம் சாப்பிடச் சொல்கிறார்கள், கூடவே கழுவுவதற்கு ரோஜா மணத்தில் ஒரு திரவத்தையும் வைத்திருக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் இது மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்றும், 25 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த முதல் வாசகம் அவர்களாக அடக்கத்தோடு போட்டுக்கொண்டதல்ல. இத்தகைய துணை உணவுகளுக்காக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் கொண்டுவந்த விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மருந்து என்றால் நோய் தீர்வதை மனிதர்களிடம் சோதித்து நிரூபித்துக் காட்ட வேண்டும், உணவு என்றால் அந்தச் சுமை இல்லை. சித்திரை வெயிலில் கூரியர் வண்டியிலும் கிட்டங்கியிலும் கிடந்து வந்த அந்த 2,000 கோடியில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதற்கும் புட்டியில் பதில் இல்லை. வேலையில் ஒரு வரிப் பிழையைக்கூடக் கண்ணிலிருந்து தப்பவிடாத நீ, அந்த அட்டையை ஒரு முறை முழுவதும் படித்திருந்தால் இதை வாங்கியிருக்க மாட்டாய்.

அவர்கள் சொல்வதன் அடிப்படை உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. 1892-லேயே ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் பெண்ணின் பிறப்புறுப்பில் இயல்பாகவே வாழும் அந்த நுண்ணுயிர்களைப் பற்றி எழுதிவைத்தார். லாக்டோபேசில்லஸ் என்று இப்போது நாம் சொல்வது அவற்றைத்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு உள்ள வயதில் உட்சுவரில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேர்கிறது. அதிலிருந்து இவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, உள்ளே பி.எச். என்ற அமிலத்தன்மை அளவை 3.8-இலிருந்து 4.5-க்குள் வைத்திருக்கின்றன. வயலில் நெல் நெருங்கி நிற்கும்வரை கோரைக்கு இடம் கிடைக்காததைப் போல, அந்த அமிலம் உள்ளவரை மற்றக் கிருமிகள் பெருகுவதில்லை. ஆகவே இலேசான புளிப்பு வாடை நோய் அல்ல. மாதவிலக்குக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கருவைப் போலப் படுவதும் நோய் அல்ல. அந்த இடத்துக்கு ரோஜா மணம் வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? உள்ளே கழுவக் கழுவ அந்த நல்ல உயிர்கள்தான் முதலில் போகும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். பெரியவளான நாளிலிருந்து உனக்குச் சொல்லி வருகிறேன், இப்போதும் சொல்கிறேன், வெறும் தண்ணீர் போதும்.

எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற எண்ணமும் தவறு. 2011-இல் ஜாக் ராவெல் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாத 396 பெண்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோரிடம் லாக்டோபேசில்லஸ் இனங்களில் ஏதோ ஒன்று ஓங்கியிருந்தது. ஆனால் நான்கில் ஒருவருக்குச் சற்று மேலானோரிடம் அப்படி எதுவும் ஓங்கியிருக்கவில்லை, அவர்களும் நலமாகவே இருந்தார்கள். இப்போது வீட்டிலேயே பஞ்சுக்குச்சியால் எடுத்து அனுப்பினால் உன் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்திருக்கிறது என்று வண்ணப்படம் போட்டு அனுப்பும் வியாபாரமும் நடக்கிறதாம். அப்படி ஒரு தாள் உன் கையில் இருந்தால், அதை நம்பி உடம்பைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே.

மாத்திரையில் பலன் உண்டா என்பதற்கு வருகிறேன். ஆராய்ச்சி நடக்கிறது, நம்பிக்கை தரும் முடிவும் ஒன்று இருக்கிறது. உள்ளே நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து மற்றவை பெருகுவதைப் பாக்டீரியல் வஜினோசிஸ் என்பார்கள். அது உள்ள 228 பெண்களுக்கு முதலில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் என்ற இனத்தின் ஒரு குறிப்பிட்ட வகையை உள்ளே வைத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. பன்னிரண்டு வாரத்தில் அந்த மருந்தை வைத்தவர்களில் 30 சதவீதத்தினருக்கும் மருந்துச் சத்து இல்லாத வெற்று மருந்தை வைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. பலன் இருக்கிறது, ஆனால் எதற்கு இருக்கிறது என்று பார். மருத்துவர் நோயை உறுதிசெய்து, கிருமிக்கு மருந்து கொடுத்த பின்பு, உரிய இடத்தில் வைத்த ஒரு குறிப்பிட்ட இனத்துக்கு. உன் புட்டியில் இருப்பவை ரம்னோசஸ், ரியூட்டெரி, அசிடோஃபிலஸ். கிறிஸ்பேட்டஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை, அதோடு இவற்றை வாயால் விழுங்கச் சொல்கிறார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வரும் பூஞ்சைத் தொற்றை லாக்டோபேசில்லஸ் தடுக்குமா என்று ஆஸ்திரேலியாவில் வாயாலும் உள்ளே வைத்தும் பார்த்தார்கள். தடுக்கவில்லை என்று 2004-இல் எழுதினார்கள். ஒருவருக்குக் கிடைத்த பலனை இன்னொருவர் தம்முடைய சரக்கின் மேல் ஒட்டி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பலன் இல்லாவிட்டால் பணம்தானே போகும் என்று நீ நினைக்கலாம். போவது காலம், மகளே. தயிர் போலத் திரிந்து அரிப்போடு படுவது பூஞ்சை, அதற்கு ஃப்ளூகோனசோல் அல்லது உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடையோடு படுவது பாக்டீரியல் வஜினோசிஸ், அதற்கு மெட்ரோனிடசோல். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்துப் படுவது டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், அதற்குக் கணவருக்கும் சேர்த்துத்தான் மருந்து. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதே என்று நீயாக முடிவு செய்துவிடாதே. பார்த்தால் ஒன்றாகத் தெரிவது பரிசோதித்தால் வேறாக இருப்பதை நான் எத்தனையோ பேரிடம் கண்டிருக்கிறேன். மருத்துவர் பி.எச். தாளை வைத்துப் பார்ப்பார், கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு வாடை எழுகிறதா என்று பார்ப்பார், மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். 1983-இல் ஆம்செல் என்ற ஆய்வாளர் வகுத்த நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தால்தான் வஜினோசிஸ் என்று எழுதுவார். பரிசோதனைக்கூடம் எட்டாத ஊர்களில்தான், எதுவென்று சோதிக்காமலே, அரசு பச்சை உறையில் பாக்டீரியாவுக்கான செக்னிடசோலையும் பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோலையும் சேர்த்துக் கொடுத்தது. நீ இருப்பது எர்ணாகுளத்துக் காக்கநாட்டில். ஒரு முறை கைபடச் சோதித்துப் பார்க்கச் சொல்.

புளியரைக்கு அப்பால் ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். வெள்ளைப்படுகிறது என்றுகூடச் சொல்லவில்லை, நடக்க முடியவில்லை என்றாள். படிகாரத் தண்ணீரிலும் பிறகு தரை கழுவும் கிருமிநாசினியிலும் பல வாரம் உட்கார்ந்திருக்கிறாள். தோல் வெந்து உரிந்து, துணி பட்டால் உயிர்போகும் நிலையில் இருந்தாள். வீட்டில் ஒருவர் நாற்றம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கிறார். சாரல் காலத்தில் உள்ளாடை காயாது, ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று துண்டுக்கு அடியில் போட்டு உலர்த்தி, ஈரத்தோடே உடுத்திக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கு இருந்தது பூஞ்சை, சாதாரண மருந்தில் தீர்ந்தது. அவளுக்குப் படிகாரம், உனக்கு ரோஜா மணத் திரவம். சொன்னவர் யார் என்று அவளிடம் நான் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை.

ஆனால் இதை மட்டும் தெரிந்துகொள். வஜினோசிஸ் மருந்தில் தீர்ந்தாலும் ஓராண்டுக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வருகிறது. அதற்குப் பெண்ணின் சுத்தக்குறைவே காரணம் என்றுதான் ஊர் பேசுகிறது. ஆஸ்திரேலியாவில் 164 தம்பதிகளை வைத்து நடத்திய ஆய்வு 2025-இல் வெளிவந்திருக்கிறது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்த வீடுகளில் பன்னிரண்டு வாரத்துக்குள் 63 சதவீதத்தினருக்குத் திரும்பியது. கணவருக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும் கிளின்டமைசின் களிம்பும் கொடுத்த வீடுகளில் 35 சதவீதத்தினருக்குத்தான் திரும்பியது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். மாப்பிள்ளை படித்தவர், நல்லவர் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவரும் உன்னோடு வந்து மருத்துவர் முன் உட்கார வேண்டும். அவருக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னாலும் உட்கார வேண்டும், ஏனென்றால் ஆண்களுக்கு அடையாளம் எதுவும் தெரியாமலே அந்தக் கிருமிகள் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவாவில் விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் அவரோடு பணியாற்றியவர்களும் ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பெண்களில் பலருக்குத் தொற்று எதுவும் இல்லை. மனச்சோர்வும் வீட்டுக் கவலையும்தான் அந்தக் குறையோடு அதிகமாகச் சேர்ந்து காணப்பட்டன. இதைப் பொய் நோவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஐப்பசிக்குப் பிறகு நீ இளைத்துப்போயிருப்பதை அப்பாவே கவனித்துவிட்டார். கொடையன்று பொங்கல் பானையருகே எல்லாரும் நிற்கும்போது நீ மட்டும் தள்ளி நின்றாய். உன்னை மாவட்டத்திலேயே உயிரியலில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை யாரையோ நினைத்துத் தன் உடம்பை அருவருப்பாகப் பார்க்கிறாளோ என்ற எண்ணம் வந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை ஊர்ப் பெண்கள் என்னிடம் வந்து சொன்னதை என் வயிற்றில் பிறந்தவள் சொல்லவில்லையே என்ற வருத்தமும் இருக்கிறது. மருத்துவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் நீ சரியாக இல்லை என்றால், அதையும் அவரிடமே சொல்.

இந்த வாரமே ஒரு பெண் மகப்பேறு மருத்துவரைப் பார். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிட்டு, முந்தின நாளிலிருந்து உள்ளே எந்த மருந்தும் திரவமும் பயன்படுத்தாமல் போ. எத்தனை நாளாக, என்ன நிறத்தில், என்ன வாடையில், மாதத்தின் எந்தப் பாதியில் என்று தாளில் எழுதிக்கொண்டு போ. மருந்துக்கடையில் நீயாக வாங்கிச் சாப்பிட்டவற்றின் பெயர்களையும் மறைக்காமல் எழுது. வெள்ளபோக்கு என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியும், மலையாளத்தில் விளக்க வேண்டுமே என்று தயங்காதே. அடிவயிற்று வலியோ காய்ச்சலோ, சேர்ந்திருந்த பிறகு இரத்தமோ இருந்தால் வார இறுதிவரை காத்திருக்காதே. நாள் தள்ளிப்போயிருந்தால் அதை முதலில் சொல். அதற்குமேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கூட ஆள் வேண்டும் என்றால் வா என்று மட்டும் எழுது, பாலருவி ரயிலில் ஏறி வந்துவிடுவேன். அப்பாவையும் ஆச்சியையும் சித்தி பார்த்துக்கொள்வாள், அவளிடம் பேசிவிட்டேன், காரணம் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா