'எனக்குப் பசி' என்று சொல்லும் இன்னொரு மொழி

பிரஷோவ், ருமேனியா
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

போன வாரம் போனில் "அந்த ஊர் பாஷையில் வேற்றுமை உருபு எல்லாம் உண்டாம்மா?" என்று கேட்டீர்கள். "உண்டுப்பா" என்று மட்டும் சொன்னேன், அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னது எனக்கே மனசு ஆறவில்லை. இன்று ஞாயிறு, வேலை இல்லை. ஜன்னலுக்கு வெளியே தும்ப்பா மலை முழுக்கப் பனி. உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த ருமேனிய மொழியின் பூர்வீகம். கி.பி. 106ல் ரோமப் பேரரசன் டிராஜன் இந்தப் பக்கத்து டாசியா நாட்டைப் பிடித்தான். ரோமர்கள் மூன்றாம் நூற்றாண்டிலேயே திரும்பிப் போய்விட்டார்கள், அவர்களுடைய லத்தீன் பேச்சு மட்டும் தங்கிவிட்டது. அதனால் இது இத்தாலியனுக்கும் பிரெஞ்சுக்கும் உடன்பிறப்பு. சுற்றிலும் வேறு இனத்து மொழிகள் என்பதால் அக்கம்பக்கத்துச் சொற்களும் நிறைய. 'ஆமாம்' என்பதற்கு 'தா' என்கிறார்கள், அது ஸ்லாவிய வரவு. நகரம் என்பதற்கான 'ஒராஷ்' ஹங்கேரியச் சொல். நான் ஹோட்டல் சமையற்கட்டில் தினமும் அண்டா அண்டாவாகக் காய்ச்சும் புளிப்புச் சூப்புக்கு 'ச்சோர்ப' என்று பேர், துருக்கியர் கொடுத்தது.

உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன்: ருமேனிய மொழியில் இன்று கிடைக்கிற, தேதி தெரிந்த மிகப் பழைய எழுத்து ஒரு கடிதம். 1521ல் கும்ப்புலுங் ஊரைச் சேர்ந்த நியாக்ஷு என்ற ஒருவர், துருக்கிப் படையின் கப்பல்கள் டான்யூப் ஆற்றில் ஏறி வருகின்றன என்று எச்சரித்து எழுதியது. யாருக்கு எழுதினார் தெரியுமா? இதே பிரஷோவ் நகரத் தலைவருக்கு. அப்போது எழுத்து சிரிலிக். லத்தீன் எழுத்துக்கு இவர்கள் மாறியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

இப்போது 31 எழுத்து. எழுதியபடியே படித்துவிடலாம் என்பது பெரிய நிம்மதி. ஒரே ஒரு ஒலிதான் மற்ற ஊர்க்காரர்களை நடுங்க வைக்கிறது. என்னோடு வேலை செய்கிற வேறு நாட்டுப் பெண்கள் அதை 'இ' என்றும் 'உ' என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறார்கள். எனக்கு முதல் நாளே வந்துவிட்டது, ஏனென்றால் அது நம் குற்றியலுகரம்! 'பாட்டு', 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருமே, அதேதான். நமக்கு அது சொல்லின் கடைசியில் வரும், இவர்களுக்குச் சொல்லின் நடுவிலும் முதலிலும் வரும். ரொட்டிக்கு 'புய்னே' என்று பேர். அந்தப் 'பு'வை 'காப்பு' என்பதில் வருவது போலச் சொல்ல வேண்டும், 'புலி' போலச் சொல்லக் கூடாது. இந்த ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து வைத்திருக்கிறார்கள்: சொல்லின் முதலிலும் கடைசியிலும் ஒன்று, நடுவில் இன்னொன்று. 1993ல் இவர்களுடைய அகாதமி எழுத்து முறையை மாற்றியதால் வந்தது. 1978ல் நம் ஊரில் லை, னை எழுத்தெல்லாம் மாறிய கதையை நீங்கள் வகுப்பில் சொல்வீர்களே, அது ஞாபகம் வந்தது.

அப்புறம், இவர்களுடைய 'த' நம் 'த' போலவே பல்லில் பட்டு வரும். அதனால் இந்தக் கடிதத்தில் ருமேனியச் சொற்களை 'ட' போடாமல் 'த' போட்டே எழுதுகிறேன். சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

சரி, இலக்கணத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'தி' என்று ஒன்று போடுவார்களே, அதை ருமேனியர்கள் சொல்லின் வாலில் ஒட்டுகிறார்கள். இத்தாலியனும் பிரெஞ்சும் முன்னால் வைக்க, இது மட்டும் பின்னால் வைக்கிறது. பக்கத்து பல்கேரியனிலும் அல்பேனியனிலும் இதே வழக்கம் உண்டு. 'த்ரென்' என்றால் ரயில், 'த்ரெனுல்' என்றால் நமக்குத் தெரிந்த அந்த ரயில். 'ஃப்ராத்தே' சகோதரன், 'ஃப்ராத்தெலெ' அந்தச் சகோதரன். பெண்பால் சொற்களில் இன்னும் நுணுக்கம். 'காஸ' என்று வாயைப் பாதி திறந்து முடித்தால் ஏதோ ஒரு வீடு. 'காஸா' என்று முழுக்கத் திறந்தால் அந்த வீடு. சொல்லின் முடிவில்தான் எல்லாம் நடக்கிறது. தமிழ்க் காது ஏற்கெனவே சொல்லின் முடிவைக் கவனித்துக் கேட்டுப் பழகியது, அதனால் எனக்கு இது உறுத்தவே இல்லை.

பால் பிரிப்புதான் உங்களை ஆச்சரியப்படுத்தும். நாம் உயர்திணைக்கு மட்டும்தான் ஆண், பெண் பார்ப்போம். இங்கே உருளைக்கிழங்கு ஆண்பால், வெங்காயம் பெண்பால். முட்டையும் கத்தியும் தண்ணீர் குடிக்கும் கிளாஸும் மூன்றாவது வகை. அந்த மூன்றாவது வகை ஒருமையில் ஆண்பால் மாதிரி நடக்கும், பன்மையில் பெண்பால் மாதிரி நடக்கும். ஒன்று, இரண்டு என்ற எண்ணுப் பெயர்களுக்கே பால் உண்டு. ஒரு உருளைக்கிழங்கு 'உன் கார்தோஃப்', இரண்டு என்றால் 'தோய் கார்தோஃபி'. ஒரு வெங்காயம் 'ஓ ச்யாப', இரண்டு 'தோவ ச்செபே'. கிளாஸ் பாருங்கள்: 'உன் பஹார்' என்று ஆணாகத் தொடங்கி, 'தோவ பஹாரே' என்று பெண்ணாகிவிடும். இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. புதுச்சொல் எதைக் கற்றாலும் 'ஒன்று', 'இரண்டு' சேர்த்தே மனப்பாடம் செய்கிறேன். காய்கறி நறுக்கும்போது எண்ணிக்கொண்டே நறுக்குவதில் பாதி பாடம் முடிந்துவிடுகிறது.

எண்களில் நம்முடைய வழியும் தெரிகிறது. இருபது என்பதற்கு 'தோவஸெச்சி', அதாவது இரண்டு பத்து. நம் இருபதும் அப்படித்தானே? பதினொன்று முதல் பத்தொன்பது வரை மட்டும் 'பத்தின் மேல் ஒன்று' என்கிற மாதிரி சொல்கிறார்கள். பத்தொன்பது லெய் (இந்த ஊர்ப் பணம்) வரை எண்ணையும் பணத்தையும் நேராகச் சேர்க்கலாம், இருபதிலிருந்து நடுவில் 'தெ' என்று ஒன்று போட வேண்டும். கடையில் இதைச் சரியாகச் சொன்னால் உடனே முகம் மலர்ந்து பேசுகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. வேற்றுமை உண்டு. எட்டு கிடையாது. வடிவத்தில் மூன்றுதான் மிஞ்சியிருக்கிறது. எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம். நம் நான்காம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் சேர்த்து இன்னொரு வடிவம். அம்மாவுக்கு இங்கே 'மாமா' என்று பேர் (ஆமாம் அப்பா, மாமா என்றால் அம்மா!). 'மாமெய்' என்றால் அம்மாவின் என்றும் பொருள், அம்மாவுக்கு என்றும் பொருள். அது எது என்று வாக்கியம் சொல்லிவிடும். ஹோட்டலில் 'அறையின் சாவி' என்பதை 'க்யேயா காமெரெய்' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறேனோ!

மூன்றாவது, நம் எட்டாம் வேற்றுமை, விளி. மற்ற லத்தீன் மொழிகள் அதைத் தொலைத்துவிட்டன, இவர்கள் வைத்திருக்கிறார்கள். எங்கள் தலைமைச் சமையற்கார அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'த்வாம்னா', அவரைக் கூப்பிடும்போது 'த்வாம்ன'. ஆண்களைக் கூப்பிடும்போது 'தோம்னுலே' என்று ஏகாரம் வந்து நிற்கும், நம் 'ஐயனே', 'மகனே' மாதிரி. பையனுக்கு 'பயாத்', கூப்பிட்டால் 'பயேத்தே'. நம் பையனுக்கும் அதற்கும் உறவு கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் சமையற்கட்டில் யாராவது அப்படிக் கூப்பிடும்போது ஒரு நொடி நம் தெருவில் நிற்பது போல இருக்கும்.

செயப்படுபொருளுக்கு வடிவம் மாறாது என்றேன். ஆனால் மனிதர் என்றால் மட்டும் முன்னால் 'பெ' என்று ஒரு சொல் வரும். 'ரயில் பார்க்கிறேன்' என்பதற்கு 'வத் த்ரெனுல்' போதும். அம்மாவைப் பார்க்கிறேன் என்றால் 'ஓ வத் பெ மாமா'. இதை நோட்டில் எழுதிவிட்டு அப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன். நாமும் 'புத்தகம் படித்தேன்' என்று ஐ இல்லாமல் சொல்லிவிடுவோம், 'அம்மா பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். மனிதருக்கு உருபு கட்டாயம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற, எந்த ஒட்டுறவும் இல்லாத இரண்டு மொழிகள் மனிதரைத் தனியாக மதிப்பதில் ஒன்றுபோல நடக்கின்றன. எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

வினைச்சொல்லும் அப்படித்தான். 'மெர்க்' என்றால் போகிறேன். 'மெர்ஜி' போகிறாய். 'மெர்ஜெம்' போகிறோம். விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் போகிறான், போகிறாள் இரண்டுக்கும் ஒரே 'மெர்ஜே'தான், பெயர்ச்சொல்லுக்கு இத்தனை பால் பார்க்கிறவர்கள் வினையில் பார்ப்பதில்லை. எனக்குப் பழக நாளானது வேறு ஒன்று. நாம் 'நான் ஆசிரியர்' என்று இரண்டு சொல்லில் முடிப்போம். இவர்களுக்கு நடுவில் 'இருக்கிறேன்' வேண்டும்: 'ஸுந்த்'. அது இல்லாமல் வாக்கியம் நொண்டும்.

புக்கரெஸ்டில் வந்து இறங்கிய அன்று மெட்ரோவில் ஓர் அறிவிப்பு கேட்டேன், 'ஸெ உன்கித் உஷிலே' என்று. அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது: கதவுகள் மூடிக்கொள்கின்றன. அந்த 'ஸெ' நம் 'கொள்' செய்கிற வேலையைச் செய்கிறது.

மரியாதை விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டாம். நீ, நீர், நீங்கள் மாதிரி இங்கேயும் மூன்று படி உண்டு: 'தூ', 'தும்ன்யாத்தா', 'தும்ன்யாவ்வாஸ்த்ர'. மூன்றாவதற்கு வினையும் பன்மையில் வரும், நாம் 'வருகிறீர்கள்' என்பது போல. வயதான பெண்களைப் பார்த்தால் 'ஸருத் முனா', உங்கள் கையை முத்தமிடுகிறேன் என்று வணக்கம் சொல்வார்கள். நான் எல்லோரிடமும் மூன்றாவது படியிலேயே பேசுகிறேன். த்வாம்னா மட்டும் போன மாதம், "என்னைத் தூ என்றே கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். இன்னும் எனக்கு நாக்கு வரவில்லை, அவர் அம்மா வயதுக்காரர்.

அவரிடம்தான் இந்த மொழியின் சாரத்தைக் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும், நான் பாத்திரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து 'த்ஸியே ஃப்வாமே?' என்று கேட்டார். கை ஜாடையில் அர்த்தம் புரிந்தது. ராத்திரி போனில் சொல் சொல்லாகத் தேடிப் பார்த்தேன். உனக்கு, இருக்கிறது, பசி. ஆங்கிலத்தில் பசிக்கிறவர்தான் எழுவாய். இங்கே நம்மைப் போலவே பசி ஒரு பொருளாக நம்மிடம் வந்து நிற்கிறது. 'ம்யே ஃப்வாமே', எனக்குப் பசி. 'ம்யே ஸெத்தே', எனக்குத் தாகம். 'ம்யே ஃப்ரிக்', எனக்குக் குளிர். பிடிப்பதும் அப்படியே: 'உம் ப்லாச்சே மமலிகா', எனக்கு மமலிகா பிடிக்கிறது. மமலிகா என்பது மக்காச்சோள மாவில் கிண்டும் களி, நம் கேழ்வரகுக் களி மாதிரி உருண்டையாகக் கூட வைப்பார்கள். பிடித்த பொருள் பலவானால் ப்லாச்சே 'ப்லாக்' ஆகும், பிடிக்கின்றன என்பதுபோல. தலைவலி மட்டும் மாறி வரும். 'ம த்வாரே காப்புல்', என்னைத் தலை வலிக்கிறது. வயதோ இன்னும் வேறு: நமக்கு 'எனக்கு முப்பத்தொரு வயது', இவர்களோ முப்பத்தொரு வருடங்களை வைத்திருக்கிறேன் என்பார்கள்.

இதே நான்காம் வேற்றுமையில் 'தோர்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'ம்யே தோர் தெ வோய்' என்றால் எனக்கு உங்கள் மேல் ஏக்கம். ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோரும் இங்கே முதலில் கற்றுக்கொள்கிற வாக்கியங்களில் இது ஒன்று. எனக்கும் இது புத்தகத்தைப் பார்க்காமலே வந்துவிட்டது.

மார்ச் 1ஆம் தேதி இங்கே மர்த்ஸிஷோர். வசந்தம் வருவதற்கு அடையாளமாகச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலில் சின்னதாக ஏதாவது கோர்த்துப் பெண்களுக்குக் கொடுப்பார்கள், அவர்கள் சட்டையில் குத்திக்கொள்வார்கள். கடைத்தெருவில் இப்போதே வந்துவிட்டது. ஒன்று வாங்கி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், அம்மாவுக்கு. கொடுக்கும்போது 'மாமெய்' என்று சொல்லிக் கொடுங்கள்.

அப்பாவுக்கு இங்கே என்ன பேர் என்று இன்னும் சொல்லவில்லை. 'தாத்தா' என்று நம் காதில் விழும். கூப்பிடும்போது கடைசி ஆகாரம் குறுகித் 'தாத்த' ஆகும், விளியில் திரிபு. அடுத்த ஞாயிறு இந்திய நேரம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்கிறேன். அதற்குள் 'பெ' பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று யோசித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்