ஜெபிக்க முடியவில்லை என்ற மகளுக்கு

பெரம்பூர்,
சென்னை - 11.

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அம்மாவும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று அனுதினமும் வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசினால், பேச வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசி வைத்துவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன். தம்பி வேலை மாறியதையும், நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருப்பதையும் அம்மா சொல்லியிருப்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே.

ஆடி மாதம் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பிள்ளைக்காக அழுது ஜெபித்துப் பெற்றுக்கொண்ட அன்னாளின் கதையையும் எழுத மாட்டேன். அதை உனக்கு எத்தனை பேர் சொல்லிவிட்டார்களோ. ஆனால் அதன்பின் சனிக்கிழமைக் குடும்ப ஜெபத்தில் உன் முறை வரும்போதெல்லாம் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிப் படத்தை அணைத்துவிடுகிறாய். போன வாரம் அப்படி நீ சொல்லிக்கொண்டிருந்தபோதே உங்கள் வீட்டுக் குக்கர் விசில் இங்கே தெளிவாகக் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேதாகமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் அன்றும் விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். நீ மாலைவரை கூப்பிடவில்லை. அது தவறுதான், கோபம் எங்கள்மேல் இல்லையென்றால் எங்களிடம் பேசலாமே.

கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் ஜெபிப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். விடுமுறை வேதாகமப் பள்ளியில் அத்தனை பேருக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை பிசகாமல் சங்கீதம் ஒப்பித்த பெண்ணல்லவா நீ; பொய்யாய் ஒன்றைச் சொல்ல உனக்கு வராது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கணக்கை உன் தலையில் ஏற்றியவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு வந்து, காபியும் குடித்துவிட்டு, “சந்தேகத்தோடு கேட்டால் ஒன்றும் கிடைக்காது, சகோதரி” என்று யாக்கோபு நிருபத்தை உன் முன்னால் விரித்து வைத்தாரே, அந்த ஊழியக்காரர்தான். அன்று அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தேன், பிறகு அழைக்கவேயில்லை. அவர் காட்டியது முதலாம் அதிகாரம் ஆறாம் வசனம். அதற்கு முந்தின வசனத்தை அவர் வாசிக்கவில்லை. அங்கே பேச்சு ஞானத்தைப் பற்றியது. ஞானத்தில் குறைவுள்ளவன், யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடம் கேட்கட்டும் என்றே அப்போஸ்தலன் எழுதுகிறான். கடிந்துகொள்ளாதவர் என்று எழுதியிருக்கிற இடத்திலேயே நின்றுகொண்டு ஒரு பெண்ணைக் கடிந்துகொள்ள எப்படித்தான் மனம் வந்ததோ.

அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தை இந்த வாரம் நீயே எடுத்துப் படித்துப் பார். ஏரோது, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். அது ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்துப் பேதுருவைப் பிடித்துப் பதினாறு போர்ச்சேவகரைக் காவல் வைக்கிறான். சபையார் ஊக்கத்தோடு ஜெபிக்கிறார்கள். தூதன் வந்து விடுவிக்கிறான். பேதுரு வந்து கதவைத் தட்டியதும், அவன் குரலை அடையாளம் கண்டு ரோதை என்ற அந்த வேலைக்காரப் பெண் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னால், ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து, “நீ பிதற்றுகிறாய்” என்கிறார்கள். எதற்காக இரவு முழுவதும் கூடியிருந்தார்களோ, அது வாசலில் வந்து நின்றபோதும் அவர்களால் நம்ப முடியவில்லை. அப்படிப்பட்டவர்களின் ஜெபத்தைத்தான் தேவன் கேட்டார். இதே சபை யாக்கோபுக்காக ஜெபிக்காமலா இருந்திருக்கும்? அவனுக்காகக் கேட்டபோது விசுவாசம் குறைந்துபோய், பேதுருவுக்காகக் கேட்டபோது கூடிவிட்டதா? வேதம் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யாக்கோபு ஏன் போனான் என்பதற்கும் காரணம் சொல்லவில்லை. நானும் உனக்குக் காரணம் சொல்லப் போவதில்லை. யாராவது சொன்னால் காது கொடுக்காதே.

அப்படியானால் எதன்மேல் தைரியம் கொள்வது என்று கேட்பாய். எபிரெயர் நிருபம் அதை நம் மனத்தின் திடத்தில் வைக்கவில்லை. முன்பெல்லாம் பிரதான ஆசாரியன் ஒருவன்தான், அதுவும் வருஷத்துக்கு ஒரு நாள்தான், இரத்தத்தோடு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகலாம். அதை மறைத்திருந்த திரைச்சீலை ஆண்டவர் சிலுவையில் மரித்தபோது இரண்டாகக் கிழிந்ததைச் சுவிசேஷம் சொல்கிறது. எபிரெயர் நிருபமோ, நமக்காகப் பிரதான ஆசாரியர் உள்ளே போய்விட்டார், அவர் நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கக்கூடியவர், ஆகையால் தைரியமாய், தேவனுடைய கிருபையின் சிங்காசனமாகிய கிருபாசனத்தண்டை சேருங்கள் என்கிறது. நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு போய் நிற்கிறவர்கள் தங்கள் யோக்கியதையைச் சொல்லியா நிற்கிறார்கள்? தெருவில் குடியிருக்கிறவர்கள் என்பதால் நிற்கிறார்கள். நீயும் அந்த உரிமையோடு போய் நில். அழுதுகொண்டு நின்றாலும் சரி, கோபித்துக்கொண்டு நின்றாலும் சரி.

நம் காசிமேட்டு அத்தையைத்தான் உனக்குத் தெரியுமே. ஏப்ரல் 15-இல் தொடங்கும் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து விசைப்படகுகள் கிளம்புகிற அன்று, இந்த வருஷமும் அதிகாலையில் துறைமுகத்துக்குப் போய் நின்றிருக்கிறாள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைக்கவில்லை என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போகிற ஒவ்வொரு படகுக்காகவும் ஜெபிக்கிறாள்; நடுநடுவே, “என் விஷயத்தில் நீர் செய்தது நியாயமா?” என்று ஆண்டவரைச் சத்தமாகவே கேட்கிறாள். பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சங்கடமாக இருக்குமாம். எனக்கென்னவோ, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாக்குத்தத்தங்களை அடுக்குகிறவர்களைவிட அவளுக்குத்தான் தைரியம் அதிகம் என்று தோன்றுகிறது.

கெத்செமனேயில் நம் ஆண்டவரே, பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி மூன்றுதரம் கேட்டார், நீங்கவில்லை. பவுலும், மாம்சத்தில் முள் என்று தான் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். கிடைத்தது வேறு பதில். இவர்களை யாரும் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே, மகளே, நம்பிக்கை வந்தபிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதே. ஒரு வாக்கியம் போதும். “எனக்கு உம்மிடம் பேசப் பிடிக்கவில்லை” என்பதும் அவரிடம் சொல்லப்பட்டால் ஜெபம்தான், அதில் பொய் ஏதும் இல்லை. எண்பத்தெட்டாம் சங்கீதம் முதலிலிருந்து கடைசிவரை அப்படித்தான் இருக்கிறது, இருளில்தான் முடிகிறது. எந்த வார்த்தையும் வராவிட்டால் அதை வாசி. திரும்பவும் சொல்கிறேன், ஒரு வாக்கியம் போதும்.

மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு. அவர் வாய்விட்டு எதையும் சொல்கிறவர் அல்ல. அவருக்கும் ஆடி மாதம் நடந்ததுதானே. வருகிற மாதம் அம்மாவை அங்கே அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டு எழுது. வேண்டாமென்றாலும் அவள் வரத்தான் போகிறாள், ஆனாலும் உன்னைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுத்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா